டிவியில் படம் ஓடுகிறது, ஸ்பீக்கரில் சத்தம் இல்லை: கேபிள், போர்ட் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டு ஆடியோ செட்டில் கோளாறு என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, கடைக்குப் போய்த் தங்கமுலாம் பூசிய புது கேபிள் ஒன்றை வாங்கி வருவதுதான். பெரும்பாலும் பழைய கேபிளில் ஒரு குறையும் இருக்காது. தப்பான துளையில் செருகியிருப்போம். இல்லையென்றால் சரியான துளையில் செருகிவிட்டு, டிவி மெனுவில் ஆம்ப்ளிஃபையர் என்ற ஆம்புக்குப் புரியாத வகை சிக்னலைத் தேர்ந்தெடுத்திருப்போம். எங்கே கோளாறு என்பதைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அறவே சத்தம் இல்லாததற்கு ஒரு காரணம், குரல் மட்டும் காணாமல் போவதற்கு வேறு காரணம், ‘உம்ம்’ என்று இரைவதற்கு முற்றிலும் வேறு காரணம். அதனால் உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

நான் மனதில் வைத்திருப்பது நம் ஊர் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் செட்: ஒரு ஸ்மார்ட் டிவி, ஒரு செட்டாப் பாக்ஸ், கூடவே சவுண்ட்பார் அல்லது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அசெம்பிள்டு ஆம்ப். சில வீடுகளில் அப்பா காலத்து ரெக்கார்ட் பிளேயரும் இருக்கும்.

## கை வைக்கும் முன்

எதைச் செருகினாலும் ஆம்பை அணைத்துவிட்டுச் செருகுங்கள். முடியாவிட்டால் வால்யூமையாவது முழுக்கக் குறைத்துவிடுங்கள். ஏவி பின் என்று நாம் சொல்லும் ஆர்சிஏ பின்னில், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிதான் முதலில் சாக்கெட்டைத் தொடும். சுற்றியுள்ள எர்த் வளையம் அதற்கப்புறம்தான் தொடும். அந்த ஒரு நொடிக்குள் வரும் ‘டம்’ என்ற சத்தத்தில், கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரே போய்விடலாம்.

அடுத்து, இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் போகிறது? ‘அவுட்’ என்று எழுதிய துளையிலிருந்து கிளம்பி ‘இன்’ என்று எழுதிய துளைக்குள் போக வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். டிவிக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் பெரும்பாலும் ‘ஏவி இன்’. அவை வெளியிலிருந்து வரும் சத்தத்தை வாங்கிக்கொள்ளும், எதையும் வெளியே கொடுக்காது. அங்கிருந்து ஆம்புக்கு எவ்வளவு நல்ல ஒயர் இழுத்தாலும் ஸ்பீக்கர் மௌனமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, போவது டிஜிட்டலா, அனலாகா? எச்டிஎம்ஐ, ஆப்டிகல், கோஆக்சியல் மூன்றும் டிஜிட்டல். வெள்ளை சிவப்பு ஏவி பின்னும் 3.5 மி.மீ. ஹெட்போன் துளையும் அனலாக். டிஜிட்டலில் கோளாறு என்றால் பெரும்பாலும் சத்தம் அறவே வராது, அல்லது விட்டுவிட்டு வரும். ‘உம்ம்’ என்ற இரைச்சல், ஒரு பக்கம் மட்டும் கேட்பது, குரல் தேய்ந்து போவது எல்லாம் பெரும்பாலும் அனலாக் பக்கத்துச் சமாச்சாரம்.

## சத்தம் அறவே வரவில்லை

எச்டிஎம்ஐயில் சவுண்ட்பார் இணைத்திருந்தால்: டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். அவற்றில் வழக்கமாக ஒன்றின் மேல் மட்டும் ‘ஏஆர்சி’ அல்லது ‘இ-ஏஆர்சி’ என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். சாதாரண எச்டிஎம்ஐ துளை, செட்டாப் பாக்ஸிடமிருந்து படத்தையும் சத்தத்தையும் டிவிக்குள் கொண்டுவர மட்டும்தான். டிவியிலிருந்து சத்தம் திரும்பி வெளியே வரும் வசதி, 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் சேர்க்கப்பட்டது. அந்த வசதி உள்ள துளைக்குத்தான் ஏஆர்சி என்று பெயர். சவுண்ட்பார் பக்கத்திலும் இதையே பார்க்க வேண்டும். இரண்டு துளை இருந்தால் ‘எச்டிஎம்ஐ அவுட், டிவி ஏஆர்சி’ என்று எழுதியதுதான் டிவிக்குப் போக வேண்டியது. ‘எச்டிஎம்ஐ இன்’ என்பது செட்டாப் பாக்ஸையோ பிளேயரையோ இணைக்க.

துளை சரியாக இருந்தும் சத்தம் இல்லையா? டிவி மெனுவில் சவுண்ட் அவுட்புட்டை டிவி ஸ்பீக்கரிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுங்கள். அப்புறம், எச்டிஎம்ஐயில் இணைத்த பெட்டிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற வசதியை ஆன் செய்யுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இதற்கு வேறு பெயர்: சாம்சங் டிவியில் ‘எனிநெட் பிளஸ்’, எல்ஜியில் ‘சிம்ப்ளிங்க்’, சோனியில் ‘பிராவியா சிங்க்’. இது அணைந்திருந்தால் பல டிவிகளில் ஏஆர்சியும் வேலை செய்யாது. பிறகு டிஜிட்டல் ஆடியோ ஃபார்மட்டை ‘பிசிஎம்’ (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று வையுங்கள். சத்தம் வந்துவிட்டால் கேபிளும் துளையும் சரி என்று அர்த்தம். அதற்குமேல் ‘ஆட்டோ’, ‘பாஸ் த்ரூ’ (வந்த சிக்னலை அப்படியே அனுப்புவது) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

நேற்று வரை கேட்டது, இன்று காலை திடீரென்று இல்லை என்றால் எதையும் கழற்ற வேண்டாம். டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்தே பிடுங்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் பிறகு சவுண்ட்பாரையும் போடுங்கள். ரிமோட்டில் அணைத்துப் போடுவதால் இது ஆகாது. அப்போது பெட்டி தூங்குகிறதே தவிர அணைவதில்லை. கரண்ட் போய் வந்த நாட்களில் இந்தக் கோளாறு அதிகம் வரும்.

ஆப்டிகலில் இணைத்திருந்தால்: ஆம்ப் பக்கத்து முனையை மட்டும் உருவி, அறை விளக்கை அணைத்துவிட்டு, பின்னின் நுனியை உள்ளங்கைக்கு நேராகப் பிடியுங்கள். டிவி சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் உள்ளங்கையில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி விழும். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புள்ளி விழுந்தால் டிவியும் கேபிளும் நல்லபடி இருக்கின்றன. ஆம்பில் ‘ஆப்டிகல்’ இன்புட் தேர்வாகவில்லை, அல்லது ஃபார்மட் ஒத்துவரவில்லை. புள்ளி இல்லையென்றால் டிவி மெனுவைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் கேபிளை எங்காவது மடித்திருப்பீர்கள். உள்ளே ஓடுவது செம்புக் கம்பி இல்லை, ஒளி போகும் பிளாஸ்டிக் இழை. டிவி ஸ்டாண்டின் பின்னால் அதை ‘எல்’ போல மடித்துச் சுவரோடு அழுத்திவிட்டால் கதை முடிந்தது.

புது கேபிளின் இரு நுனியிலும் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகப் பார்த்து, ‘துளை சின்னதாக இருக்கு’ என்று கேபிளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ஆப்டிகலிலிருந்து ஏவி பின்னுக்கு மாற்றும் சின்னப் பெட்டி வைத்திருந்தால்: பழைய ஆம்பைப் புது டிவியோடு சேர்க்க நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் ஆப்டிகல், மறுபக்கம் வெள்ளை சிவப்புத் துளை. இவற்றில் விலை குறைந்தவற்றுக்குப் பிசிஎம் மட்டும்தான் தெரியும். டிவி, படங்களில் வரும் சுருக்கிய வகையான டால்பி சிக்னலை அனுப்பினால் பெட்டியில் விளக்கு எரியும், சத்தம் வராது. அல்லது ‘ஷ்ஷ்’ என்றும் ‘கரகர’ என்றும் இரையும். யூடியூபில் பாட்டு கேட்கிறது, படம் போட்டால் மட்டும் ஊமையாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். டிவியில் பிசிஎம் என்று மாற்றினால் அந்தக் கணமே சரியாகும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

பென்டிரைவில் போடும் சில படங்கள் மட்டும் ஊமை என்றால்: கேபிளைத் தொடவே வேண்டாம். அந்தப் படத்தின் ஆடியோ, டால்பி போலவே இன்னொரு வகையான டிடிஎஸ் ஆக இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. அதே பென்டிரைவை ஆம்பிலோ தனி பிளேயரிலோ போட்டுப் பாருங்கள், அல்லது படத்திலேயே வேறு ஆடியோ டிராக் இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள்.

ஆம்பின் யுஎஸ்பி துளையில் போனையோ லேப்டாப்பையோ இணைத்திருந்தால்: அசெம்பிள்டு ஆம்பிலும் சவுண்ட்பாரிலும் இருக்கும் யுஎஸ்பி துளை பெரும்பாலும் பென்டிரைவ் படிக்க மட்டும்தான். போன் சார்ஜ் ஏறும், பாட்டு வராது. சில சவுண்ட்பாரில் அந்தத் துளை சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு மட்டும் வைத்தது, பென்டிரைவைக்கூடப் படிக்காது.

## இசை கேட்கிறது, குரல் மட்டும் இல்லை

எனக்குப் பிடித்த கோளாறு இது. பின்னணி இசை தெளிவாக வரும், பாடகர் மட்டும் பக்கத்து அறைக்குள்ளிருந்து பாடுவது போல மங்கிப்போவார். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஸ்பீக்கர் கெட்டால் குரலை மட்டும் தேடிப் பிடித்து விழுங்காது.

3.5 மி.மீ. ஆக்ஸ் பின் வழியாகக் கேட்கிறீர்களா? பின்னை முழுவதும் உள்ளே அழுத்துங்கள். போனுக்குக் கெட்டியான கவர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். கவரின் தடிமனால் பின் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றாலே போதும், எர்த் தொடர்பு விட்டுப்போகும். எர்த் இல்லாமல் போனால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே மிஞ்சும். பாட்டைப் பதிவு செய்யும்போது குரலை இரண்டு பக்கமும் சம அளவில், நடுவில்தான் வைப்பார்கள். சமமாக இருப்பவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, ஓரங்களில் வைத்த வயலினும் எதிரொலியும் மட்டும் கேட்கும்.

இதே கோளாறு மைக் உள்ள ஹெட்செட்டிலும் வரும். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் மைக் இல்லாத வகை. மூன்று வளையம் இருந்தால் மைக் உள்ளது. மூன்று வளைய பின்னில் எர்த்தும் மைக்கும் எந்த இடத்தில் வரும் என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு முறை உண்டு. இன்றைய போன்கள் சிடிஐஏ. பழைய நோக்கியா போன்கள் பலவும் ஓஎம்டிபி. இரண்டும் மாறிப்போனால் குரல் காணாமல் போகும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹெட்செட்டில் அழைப்பை எடுக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும்வரை குரல் முழுதாகத் திரும்பி வந்து, விட்டதும் மறைந்தால் இந்த மாறாட்டம்தான். அந்தப் பட்டன் மைக்கையும் எர்த்தையும் ஒன்றாக இணைப்பதால் அப்படி நடக்கிறது.

வீட்டு பஜனைக்கும் பிறந்தநாளுக்கும் சின்ன மிக்ஸர் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழியாக இதே வினை வரும். போனிலிருந்து வரும் ஸ்டீரியோ சிக்னலைப் பெரிய 6.35 மி.மீ. ஸ்டீரியோ பின் போட்டு ஒரே சேனலில் செருகுவார்கள். அந்தச் சேனல் பேலன்ஸ்டு வகையாக இருந்தால் இடது, வலதைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும், குரல் போய்விடும். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோவும், மறுமுனையில் இரண்டு தனி மோனோ பின்னும் உள்ள கேபிள் வாங்கி, இரண்டு சேனலில் செருகுங்கள்.

5.1 செட்டில் படம் பார்க்கும்போது வசனம் மட்டும் கேட்கவில்லை என்றால் கதை வேறு. அங்கே வசனம் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். சென்டருக்குப் போகும் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். டிவிடி பிளேயரின் பின்னால் ஆறு துளை இருக்க, ஃப்ரன்ட் இரண்டை மட்டும் ஆம்புக்கு இழுத்திருந்தால், பிளேயர் வசனத்தை யாரும் செருகாத சென்டர் துளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளேயர் மெனுவில் ‘2 சேனல்’ அல்லது ‘டவுன்மிக்ஸ்’ என்று மாற்றிவிட்டால் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிந்து வந்துவிடும்.

குரல் இருக்கிறது, ஆனால் நடுவிலிருந்து வராமல் எங்கோ மிதக்கிறது, பேஸும் சப்பென்று இருக்கிறது என்றால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது. சரிபார்க்க 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று போதும். ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கூம்பு முன்னால் தள்ளினால் அந்த ஸ்பீக்கர் சரி. பின்னால் இழுத்தால் ஒயர் எங்கோ மாறியிருக்கிறது. பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரில் மட்டும் செய்யுங்கள், ட்வீட்டரில் வேண்டாம்.

## ‘உம்ம்’ என்று இரைகிறது

முதலில் இரைச்சலை உற்றுக் கேளுங்கள். கனமாக, சீராக ‘உம்ம்’ என்றால் அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ். கூர்மையாக ‘ஜ்ஜ்’ என்று இரைந்து, ஃபேன் வேகத்தை மாற்றினால் சுருதி மாறுகிறது என்றால் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். சுழற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் சில இப்படி அழுக்கை மின்கம்பி வழியாக அனுப்பும். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் வகைக்கு மாற்றினால் போய்விடும். படத்தில் வெளிச்சம் மாறும்போதெல்லாம் இரைச்சலும் மாறினால், மஞ்சள் வீடியோ பின்னை ஆடியோ துளையில் செருகியிருக்கிறீர்கள். செட்டாப் பாக்ஸோடு வரும் 3.5 மி.மீ.யிலிருந்து மூன்று பின்னாகப் பிரியும் கேபிளில் இது அடிக்கடி நடக்கும். காரணம், அந்தப் பின்னின் வளைய வரிசை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. வேறு பெட்டியோடு வந்த கேபிளைப் போட்டால் சிவப்பில் வீடியோ வரும், மஞ்சளில் சத்தம் வரும். நிறத்தை மறந்துவிட்டு மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

சீரான ‘உம்ம்’ என்றால் ஆம்புக்குள் வரும் எல்லா ஒயரையும் உருவிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் வைத்துக்கொண்டு ஆம்பைப் போடுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு ஆம்புக்குள்ளேயே; பழைய அசெம்பிள்டு ஆம்பில் பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர் வற்றியிருக்கும். அது கடைக்காரர் வேலை. இரைச்சல் நின்றுவிட்டால் ஒவ்வொரு ஒயராகத் திரும்பச் செருகிக்கொண்டே வாருங்கள். எதைச் செருகியதும் கிளம்புகிறதோ அங்கே நில்லுங்கள்.

பலரது வீட்டில் அது செட்டாப் பாக்ஸாக இருக்கும். பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் டிவி ஒயரையோ மாடி டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரையோ கழற்றிப் பாருங்கள். படம் போய்விடும், கூடவே ‘உம்ம்’மும் போனால் இது எர்த் லூப். டிஷ் அல்லது தெருக் கம்பம் ஒரு எர்த்தையும், ஆம்பின் மூன்று பின் பிளக் வேறொரு எர்த்தையும் கொண்டுவர, இரண்டுக்கும் நடுவே ஏவி ஒயரைச் சுற்றியுள்ள கம்பி வலையான ஷீல்டு வழியாக மின்சாரம் ஓடுகிறது. லேப்டாப்பிலும் இதே கதை: சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கும், போட்டால் வரும்.

இதற்கு மூன்று தீர்வு. டிவி, பாக்ஸ், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது முதல் வழி, செலவும் இல்லை. இரண்டாவது, ஏவி ஒயருக்குப் பதில் ஆப்டிகல். ஒளியில் மின்சாரம் ஓடாது, லூப் அங்கேயே அறுந்துவிடும். இதுதான் என் ஓட்டு. மூன்றாவது, ஏவி ஒயரின் நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், மலிவான வகையில் பேஸ் கொஞ்சம் குறையும்.

நான்காவதாக ஒன்றைச் சிலர் சொல்லுவார்கள்: ‘ஆம்ப் பிளக்கில் மேல இருக்கிற பெரிய பின்னை வெட்டிடுங்கண்ணே, சத்தம் நின்னுடும்.’ நிற்கும்தான். பிறகு ஒருநாள் ஆம்புக்குள் ஒயர் உரசினால் அதன் இரும்புப் பெட்டி முழுக்க ஷாக் அடிக்கும். தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம். அந்த யோசனையைக் காதிலேயே வாங்காதீர்கள்.

ரெக்கார்ட் பிளேயர் மட்டும் இரைந்தால் அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய ஒயரைத் தேடுங்கள். முனையில் கவைபோல ஒரு தகடு இருக்கும். ஆம்பின் பின்னால் ‘கிரவுண்ட்’ என்று எழுதிய திருகில் அதை மாட்டுங்கள்.

## சத்தம் மெலிதாக, உயிரில்லாமல் வருகிறது. அல்லது அடைத்து உடைகிறது

இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: துளை எதிர்பார்க்கும் அளவும் உள்ளே வரும் அளவும் பொருந்தவில்லை. மூவிங் மேக்னட் வகை ரெக்கார்ட் பிளேயர் ஊசி கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட் வரை. ஏறக்குறைய 400 மடங்கு. ரெக்கார்டில் பேஸைக் குறைத்து, ட்ரிபிளை ஏற்றித்தான் வெட்டியிருப்பார்கள். ஆர்ஐஏஏ என்ற அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவது ஆம்பின் ‘ஃபோனோ’ துளையின் வேலை. அதனால் பிளேயரை ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் கொசு பாடுவதுபோல் வரும். சிடி பிளேயரை ‘ஃபோனோ’வில் செருகினால் காது கிழியும்.

ஆம்பில் ஃபோனோ துளையே இல்லையென்றால் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். வாங்கும் முன் பிளேயரின் பின்னால் ‘ஃபோனோ / லைன்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. லைன் பக்கம் தள்ளிவிட்டு ஆக்ஸில் செருகலாம். பழைய பெட்டி மாடல்களில் வந்த செராமிக் ஊசி நிறையவே வோல்ட்டேஜ் கொடுக்கும், அதற்கும் ஃபோனோ துளை தேவையில்லை.

கம்ப்யூட்டரில் நிறம் பாருங்கள். பச்சை வெளியே போகும் சத்தம், நீலம் உள்ளே வரும் லைன், ரோஸ் மைக். வெளியிலிருந்து வரும் பாட்டை ரோஸில் செருகினால் அடைத்து உடையும்.

இன்னொன்று: ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து ஒயர் எடுத்து வேறொரு ஆம்பின் ஆக்ஸ் துளையில் செருகாதீர்கள். பத்து இருபது வோல்ட் வரும் இடம் அது. அந்த இன்புட் தாங்காது.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

ஆம்ப் பக்கத்தில் வெள்ளை சிவப்பு பின்களை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் கோளாறு கேபிளிலோ, சத்தம் கிளம்பும் பெட்டியிலோ. மாறாமல் அதே ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் ஆம்பிலோ, ஸ்பீக்கரிலோ. முதல் வகை என்றால் பின்களை முன்போல வைத்துவிட்டு, மறுமுனையில் இதையே செய்யுங்கள். இப்போது ஊமைப் பக்கம் இடம் மாறாமல் நின்றால் கேபிள்தான். இடம் மாறினால் பெட்டி.

கடலோர ஊர்களில் ஏவி பின்னும் சாக்கெட்டும் பச்சை பூத்துப் போகும். செருகியபடியே பின்னை இடமும் வலமும் சில தடவை திருகினால் பாதி கோளாறு போய்விடும். மீதிக்கு கான்டாக்ட் கிளீனர். போனில் கேட்கும்போது மட்டும் ஒரு பக்கம் என்றால் அக்சஸிபிலிட்டி செட்டிங்கில் இடது வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன போனில் இது ஒதுங்கியிருக்கும்.

## 5.1 செட், ஆனால் முன்னால் இரண்டு மட்டும்

வெள்ளை சிவப்பு இரண்டு பின்னில் இரண்டு சேனல்தான் போகும். ஆம்ப் அதிலிருந்து பின் ஸ்பீக்கருக்குச் சத்தம் பிரித்துக் கொடுத்தால் அது ஆம்பின் சொந்தக் கற்பனை. உண்மையான 5.1 வேண்டுமென்றால் ஆறு தனி பின், அல்லது டிஜிட்டல்.

டிஜிட்டலிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆப்டிகலும் கோஆக்சியலும் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டின் 5.1-ஐக் கொண்டுபோகும், ஓடிடியில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ், அட்மாஸ் அவற்றில் போகாது. அதற்கு ஏஆர்சி வேண்டும். ப்ளூரே தட்டில் இருக்கும், தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டிக்கு ஏஆர்சியும் போதாது: ஏஆர்சியின் கொள்ளளவு நொடிக்குச் சுமார் 1 மெகாபிட், எச்டிஎம்ஐ 2.1-ஓடு வந்த இ-ஏஆர்சிக்கு 37 மெகாபிட். இதற்கெல்லாம் டிவி மெனுவில் பிசிஎம்மிலிருந்து ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’வுக்கு மாற்ற வேண்டும். மேலே ஊமைக்கு மருந்தாகச் சொன்ன பிசிஎம், ஆப்டிகலிலும் ஏஆர்சியிலும் 5.1-ஐ இரண்டாகச் சுருக்கிவிடும்.

சில பழைய டிவிகள், எச்டிஎம்ஐ வழியாக வெளியிலிருந்து வரும் 5.1-ஐ ஆப்டிகலில் ஸ்டீரியோவாகத்தான் விடும். அப்படிப்பட்ட டிவியோடு போராடாமல், பாக்ஸிலேயே ஆப்டிகல் துளை இருந்தால் அங்கிருந்து ஆம்புக்கு நேராக இழுங்கள்.

## வாய் ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம்

சத்தம் படத்துக்கு முந்தி வந்தால் டிவியிலோ ஆம்பிலோ ‘ஆடியோ டிலே’, ‘லிப் சிங்க்’ என்ற அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிந்தி வந்தால் அதே அளவைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, ப்ளூடூத்தை விட்டு ஒயருக்கு வாருங்கள். ப்ளூடூத் சத்தம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதிப்பது சகஜம். பாட்டுக்குப் பரவாயில்லை, படத்துக்கு ஆகாது.

## வால்யூம் ஏற்றினால் ஆம்ப் அணைந்துவிடுகிறது

ஸ்பீக்கர் டெர்மினலை டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்காமல் செருகிய ஒயரிலிருந்து முடிபோல ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. அதுவும் இல்லையென்றால் ஒரே டெர்மினலில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டியிருப்பீர்கள். இரண்டு 8 ஓம் இணைத்தால் 4 ஓம்; இரண்டு 4 ஓம் இணைத்தால் 2. ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

ஸ்பீக்கர் ஒயரின் தடிமனும் கவனிக்க வேண்டியது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பின் ஸ்பீக்கருக்குப் போக வர இருபது மீட்டர். அரை சதுர மி.மீ. செம்பு ஒயரில் அது ஏறக்குறைய 0.7 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு இது அதிகம். 1.5 சதுர மி.மீ. என்றால் கால் ஓமுக்கும் குறைவு. கடையில் ஒயரின் நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. போடக் கூடாது என்றில்லை, ஒரு அளவு தடிமனாக எடுங்கள், செம்பு விலை கொடுக்காதீர்கள்.

## வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஏஆர்சி இருந்தால் எச்டிஎம்ஐ. ஒரே ரிமோட்டில் வால்யூமும் அடங்கும். ஆப்டிகலில் போட்டால் டிவி ரிமோட் வால்யூம் பெரும்பாலும் வேலை செய்யாது, அது கோளாறு இல்லை. ஏஆர்சிக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும், இ-ஏஆர்சிக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று அச்சிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். கோஆக்சியலுக்குத் தனி கேபிள் தேடி அலைய வேண்டாம். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ ஒயரும் அதே 75 ஓம்தான், கச்சிதமாக வேலை செய்யும்.

ஹெட்போன் துளை இல்லாத போனுக்கு டைப்-சி கன்வர்ட்டர் வாங்கும்போது ‘டாக் சிப் உள்ளதா’ என்று கேட்டு வாங்குங்கள். டிஜிட்டலை அனலாகாக மாற்றுவது அந்தச் சிப்தான். சிப் இல்லாத வகை வெறும் ஒயர்தான். சில போனில் மட்டும் பாடும், மற்றதில் அசையாது. கடையிலேயே உங்கள் போனில் செருகி ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

நீளத்தை நூல் வைத்து, ஒயர் வளைந்து போகும் வழியெல்லாம் அளந்து, ஓர் அடி சேர்த்து வாங்கினால் போதும். பத்து மீட்டர் எச்டிஎம்ஐயை வாங்கி எட்டு மீட்டரை டிவிக்குப் பின்னால் சுருட்டி வைப்பதில் ஒரு பயனும் இல்லை. நீளம் கூடக் கூட 4கே படம் மின்னி மின்னி அணைவதற்கு அதுவே காரணமாகும்.